காரில் போகும்போது கைக்குழந்தைக்குப் பாலை எப்படிச் சூடாக்குவது? கம்பம் முதல் கோட்டயம் வரை

கம்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. மகனுக்கு மூன்று மாதம். குறைமாதத்தில் பிறந்தவன், மார்பில் பிடித்துக் குடிக்க இன்னும் சிரமப்படுகிறான். அதனால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாட்டிலில் கொடுக்கிறார், போதாத வேளைக்குப் பவுடர் பால். வீட்டுக்காரருக்குக் கோட்டயத்தில் வேலை, அடுத்த வாரம் குமுளி வழியாகக் காரில் கிளம்புகிறார்கள். பாலைச் சூடு பண்ணி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டால் வழியெல்லாம் கவலையில்லை என்கிறார் அத்தை. வீட்டுக்காரரோ காரில் செருகிச் சூடாக்கும் வார்மர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இதில் எதை எடுத்துப் போவது?

தங்கச்சி, இரண்டையும் நம்ப வேண்டாம். பாலைக் குளிர்ச்சியாகக் கொண்டு போங்கள். சூட்டைத் தண்ணீரில் கொண்டு போங்கள். காரை நிறுத்திய இடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சூடாக்குங்கள். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மலை ஏறி இறங்கிப் போகிற குடும்பங்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

முதலில் ஃபிளாஸ்கில் சூடான பால். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். குழந்தை குடிக்கிற பதம் 37 டிகிரி, அதாவது நம் உடம்புச் சூடு. அந்தப் பதத்தில் பாலை ஊற்றி மூடினால், அதே சூட்டில் மணிக்கணக்காக வைத்திருப்பதுதான் நல்ல ஃபிளாஸ்கின் வேலை. கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கொதிக்கக் காய்ச்சி ஊற்றினாலும் தப்பாது, ஏனென்றால் கொதிப்பைத் தாங்கி உயிரோடு இருக்கிற கிருமி வித்துகள் உண்டு. பால் வெதுவெதுப்புக்கு இறங்கியதும் அவை முளைத்துவிடும். அந்த நேரத்தில் பால் திரிந்திருக்காது, வாடையும் வந்திருக்காது, பார்த்தால் நல்ல பாலாகவே தெரியும். வயிற்றுப்போக்கு மறுநாள்தான் வரும். குறைமாதக் குழந்தைக்கு அது சாதாரண விஷயம் கிடையாது, ஒரே நாளில் நீர்ச்சத்து வற்றிப்போகும். அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சில்லென்று போய்விடக் கூடாதே என்கிற அக்கறையில்தான் அவர் சொல்கிறார்.

அந்த அக்கறைக்கும் ஒரு பதில் உண்டு. சூடில்லாத பாலைக் குடித்தால் சளி பிடிக்கும் என்று நம் பக்கம் சொல்வார்கள். சளி வைரஸால் வருகிறது, பாலின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவரீதியாகப் பாலைச் சூடாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் அறைச் சூட்டில் உள்ள பாலையே குடித்துவிடும். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வீட்டில் ஒரு வேளைப் பாலை வெதுவெதுப்பைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுத்துப் பாருங்கள். முகம் சுளிக்காமல் குடித்தால் பிரயாணத்தில் பாதி வேலை குறைந்தது. குடிக்கவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். சின்ன உடம்புக் குழந்தைகள் இளஞ்சூட்டில்தான் நன்றாகக் குடிக்கும், அதற்குத்தான் மேலே சொன்ன வழி.

குளிர்ச்சியாகக் கொண்டு போவது எப்படி? பீய்ச்சிய தாய்ப்பால் 25 டிகிரிக்குள் உள்ள அறையில் நாலு மணி நேரம் தாங்கும், ஃபிரிட்ஜில் நாலு நாள், ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில், அதுவும் மூடி நிறுத்திய காருக்குள், 25 டிகிரி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அந்த நாலு மணி நேரக் கணக்கை மறந்துவிட்டு, ஐஸ் பெட்டியை மட்டும் நம்புங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், இறுக்கி மூடுகிற சின்ன ஐஸ் பெட்டி போதும். முந்தின நாள் ராத்திரியே ஐஸ் பேக்கை ஃப்ரீசரில் போட்டு, கல் மாதிரி உறைந்த பிறகு எடுங்கள். பாலை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, கிளம்பும் நிமிடத்தில் பெட்டிக்குள் மாற்றுங்கள். ஐஸ் பேக் பாட்டிலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பெட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் துண்டை மடித்து அடைத்துவிடுங்கள். பெட்டி டிக்கியில் போகக் கூடாது, டிக்கி சூடாகிவிடும். பின்சீட்டின் கால் வைக்கிற இடத்தில், வெயில் படாமல் இருக்கட்டும். வழியில் தண்ணீர் பாட்டிலையும் ஜூஸையும் அதே பெட்டியில் போட்டு யாரும் திறந்து திறந்து மூடக் கூடாது. இது குழந்தையின் பெட்டி என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு பாட்டிலில் ஒரு வேளைக்கு உள்ள பால் மட்டும். மூன்று வேளைப் பாலைப் பெரிய பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வழியில் பிரிப்பது வேண்டாத வேலை. பாட்டிலும் நிப்பிளும் வேளைக்கு ஒன்றும், கூட ஒன்றும், வீட்டிலேயே கொதிக்கவைத்துத் துடைக்காமல் உலரவிட்டு, சுத்தமான டப்பாவில் மூடி எடுத்துப் போங்கள். ரோட்டோரக் குழாயில் கழுவி அடுத்த வேளைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது வெந்நீர். ஸ்டீல் ஃபிளாஸ்க், ஒரு லிட்டர் கொள்ளளவு. அரை லிட்டர் ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும், பாதி நிரப்பிய பெரிய ஃபிளாஸ்கும் அப்படியே. முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். உள்சுவர் சூடேறிய பிறகு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் சூடு நிற்கிற நேரம் நன்றாகவே கூடும். ஃபிளாஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் நிரப்பி வைத்து, ஐந்து மணி நேரம் கழித்துச் சமையலறைத் தெர்மாமீட்டரால் பார்த்துவிடுங்கள். கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 60 டிகிரியும் சுடும், 80 டிகிரியும் சுடும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பவுடர் பாலுக்கு அந்த வித்தியாசம் முக்கியம், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இப்போது காரை நிறுத்தியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். குழந்தை வேறு யாருடைய கையிலாவது இருக்கட்டும். வெந்நீரை ஊற்றுகிறவர் மடியில் குழந்தை இருக்கவே கூடாது. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடி பட்டாலே குழந்தையின் தோல் வெந்துவிடும். சோறு கொண்டு போகிற சின்ன எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று எடுத்து வந்திருப்பீர்கள். காரின் தரையிலோ, இறங்கி ஒரு திண்ணையிலோ அதைச் சமமாக வைத்து, பாட்டிலை உள்ளே நிறுத்துங்கள். பாட்டிலின் வளையத்தை ஒரு தடவை தளர்த்தி மறுபடி மூடுங்கள். மலை ஏறும்போது வெளியே காற்றழுத்தம் குறைவதால், கீழே இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் காற்று அழுத்திக்கொண்டிருக்கும், அப்படியே சூடாக்கினால் நிப்பிள் வழியாகப் பால் பீறிடும். பிறகு பாதி வெந்நீரும் பாதி சாதாரணத் தண்ணீருமாக, பால் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை ஊற்றுங்கள். வளையத்தைத் தொடுகிற அளவுக்கு ஊற்றினால் வெளித்தண்ணீர் பாலுக்குள் இறங்கலாம். இரண்டு நிமிடம் கழித்துப் பாட்டிலை எடுத்து மெதுவாகச் சுழற்றி மறுபடி வையுங்கள். தாய்ப்பாலில் ஆடை தனியாகப் பிரிந்து மேலே மஞ்சளாக நிற்கும், கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், சுழற்றினால் கலந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் 100 மில்லி பாலுக்கு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் பிடிக்கும். தண்ணீர் ஆறியிருந்தால் அதைக் கொட்டிவிட்டு ஒருமுறை மாற்றுங்கள்.

அவசரமென்றால் இன்னொரு வழி. பாலைச் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் மிதக்கவிட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. மெல்லிய ஸ்டீல் சூட்டை உடனே கடத்தும், பிளாஸ்டிக் தடுக்கும். உங்கள் மகன் பாலாடையில் குடித்துப் பழகியவன் என்றால் இதுவே மேல், பாட்டிலே தேவையில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடை எவ்வளவு நல்லது என்று வார்டிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது, பட்டதே தெரியாமல் இருக்க வேண்டும். தாய்ப்பாலை 40 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கும், அதனால் சந்தேகம் வந்தால் சூடு குறைவான பக்கமே நில்லுங்கள். ஹோட்டலில் மைக்ரோவேவ் இருக்கிறது, வைத்துத் தருகிறோம் என்று அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பாலை ஒரே சீராகச் சூடாக்காது. பாட்டிலைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், நடுவில் ஓரிடத்தில் கொதிக்கும், குழந்தையின் நாக்கு வெந்துபோகும்.

சூடாக்கிய பாலை மறுபடி ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்ட தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம், அதற்கு மேல் கொட்டிவிட வேண்டும். பீய்ச்சி எடுக்கப் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும், கொட்ட மனசு வராது. அதனாலேயே வழிக்குச் சின்ன அளவுகளாக, 60 மில்லி 60 மில்லியாக நிரப்பிக்கொள்ளுங்கள். போதவில்லையென்றால் இன்னொன்றைத் திறக்கலாம்.

பவுடர் பாலுக்குக் கணக்கு வேறு. டப்பாவில் இருக்கிற பவுடர் கிருமி நீக்கப்பட்டது கிடையாது. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருக்க வாய்ப்பு உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் பவுடரைக் கலக்கச் சொல்வது இதற்காகத்தான். ஃபிளாஸ்கை வீட்டிலேயே சோதிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். அளந்த தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லித் தண்ணீருக்கு ஒரு மட்டக் கரண்டி, உங்கள் டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பவுடரை வீட்டிலேயே வேளைக்கு அளந்து ஈரமில்லாத சின்ன டப்பாவில் போட்டு வாருங்கள். ஓடுகிற காரில் கரண்டி எண்ணினால் கணக்குத் தப்பும். கலந்த பிறகு மூடியைப் போட்டு, அதே தூக்குவாளியில் இந்த முறை பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆறவையுங்கள். குழந்தை குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தொடாத பாட்டிலாக இருந்தாலும் கலந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

மலைமேல் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுமே, அந்தச் சூடு போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். குமுளி 900 மீட்டர் உயரம், அங்கே 97 டிகிரியில் கொதிக்கும். மூணாறு போனாலும் 95 கிடைக்கும். 70-க்கு அது தாராளம்.

வீட்டுக்காரர் வாங்கிய வார்மர் பற்றி. காரின் லைட்டர் சாக்கெட் 12 வோல்ட். பல கார்களில் அதன் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்தான், ஆக 120 முதல் 180 வாட் வரை இழுக்கலாம். பாட்டிலைச் சுற்றிக் கட்டுகிற வார்மர் 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த 120 மில்லி பாலை 37 டிகிரிக்குக் கொண்டுவர 16,000 ஜூல் வேண்டும். அத்தனை சூடும் பாலுக்கே போனால் ஐந்தரை நிமிடம். நிஜத்தில் பாதிக்கு மேல் காற்றுக்கும் பாட்டிலுக்கும் போய்விடும், கால் மணி நேரமாவது ஆகும், அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு அது ரொம்ப நேரம். பல கார்களில் சாவியை அணைத்தால் சாக்கெட்டும் அணைந்துவிடும். இதைவிட எனக்குப் பிடிக்காதது, செருகினபடியே விட்டுப் பாலை வெதுவெதுப்பாக வைத்திருக்கிற பழக்கம். அது ஃபிளாஸ்க் கதைதான் மறுபடியும். வாங்கியது வாங்கியாயிற்று, ஃபிளாஸ்க் கைவிட்டால் உதவட்டும் என்று வண்டியில் கிடக்கட்டும். ஆனால் காரில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் வேண்டவே வேண்டாம். அரை லிட்டர் கொதிக்கவே அரை மணி நேரம் போல ஆகும், கொண்டை ஊசி வளைவில் கொதிநீர் பாத்திரம் இருக்கக் கூடாது. வீட்டு கெட்டிலை இன்வெர்ட்டரில் மாட்டலாமா என்று யோசித்தால் அதற்கும் இடமில்லை; 1500 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் வேண்டும். டேஷ்போர்டில் வெயில் படும்படி பாட்டிலை வைத்துச் சூடாக்குவதும் கூடாது.

இனி வழி. கம்பத்திலிருந்து கோட்டயம் 130 கிலோமீட்டர் சொச்சம். மலைப்பாதை என்பதால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கிற பிள்ளை என்றால் வழியில் ஒரு வேளை, அதிகம் போனால் இரண்டு. கிளம்பும்போது வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, அரை மணி நேரம் கழித்து வண்டியில் ஏறுங்கள். லோயர் கேம்ப் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும், குடித்த கையோடு ஏறினால் குடித்தது வெளியே வரும். முதல் வேளையை வண்டிப்பெரியாரிலோ பீர்மேட்டிலோ வைத்துக்கொள்ளலாம். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்குகிற பாதையில் மட்டும் வேண்டாம். அங்கே வளைவு அதிகம், மூடுபனி இறங்கினால் ஓரமாக நிறுத்தவும் பயம். குட்டிக்கானத்தை விட்டால் முண்டக்கயம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி ஐயப்ப சீசனில் போகிறீர்கள் என்றால் கணக்கில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், குமுளியில் நெரிசல் கூடினால் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து காத்துக்கிடப்பதும் உண்டு. அந்த நேரத்துக்குத்தான் பவுடர் டப்பா. தாய்ப்பால் தீர்ந்தாலும் அது கெடாமல் இருக்கும்.

ஓடுகிற காரில் பால் கொடுக்க வேண்டாம், மடியில் வைத்தும் வேண்டாம், சீட்டில் படுக்கவைத்தும் வேண்டாம். பிரேக் போட்டால் புரையேறும், மடியிலிருக்கும் பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்தவும் முடியாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லாவிட்டாலும், பின்பக்கம் பார்த்து உட்காரவைக்கிற சீட்டில் போடுங்கள். மலை ஏறும்போது காது அடைத்து அழுவான் என்று பாட்டிலை வாயில் வைப்பார்கள். காரில் ஏறுவது மெதுவாக நடக்கிற விஷயம், அழுது கொட்டாவி விட்டாலே காது திறந்துகொள்ளும். அதற்கு மேலும் அழுதால் நிறுத்திக் கொடுங்கள்.

ஃபிளாஸ்க் ஆறிவிட்டதா? டீக்கடைதான் துணை. பாய்லர் எரிகிற எந்தக் கடையிலும் குழந்தைப் பாலுக்கு என்று கேட்டால் ஒரு சொம்பு வெந்நீர் மறுக்காமல் தருவார்கள், காசும் வாங்க மாட்டார்கள். குமுளி, வண்டிப்பெரியார் வரை தமிழிலேயே கேட்கலாம். முண்டக்கயம் தாண்டினால் ‘சூடுவெள்ளம்’ என்றால் போதும். பழைய சமோவர் உள்ள கடைகளில் பாய்லருக்குள் ஒரு காசு போட்டிருப்பார்கள், தண்ணீர் கொதித்தால் அது உள்ளே கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிறபோது பிடித்த தண்ணீர்தான் பவுடருக்கு ஆகும். சத்தம் இல்லையென்றால் பாட்டிலைச் சூடாக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் உட்கார்ந்ததும் மேஜைக்கு வருகிற வெதுவெதுப்பான தண்ணீரைப் பவுடரில் கலந்துவிடாதீர்கள். அதில் பதிமுகமோ சீரகமோ போட்டிருப்பார்கள், இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் சில இடங்களில் கொதித்த தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைச் சேர்த்துச் சூட்டைக் குறைத்துக் கொடுக்கிறார்கள், பார்த்து நமக்குத் தெரியாது. டீக்கடைப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துச் சமாளிக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. மூன்று மாதக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது பாரம், இரும்புச்சத்தும் அதில் போதாது.

கோட்டயம் போய்ச் சேர்ந்ததும், மற்றதை இறக்குவதற்கு முன்னால், மிச்சமுள்ள பாலை ஃபிரிட்ஜிலும் ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரிலும் வைக்கச் சொல்லுங்கள். பேக் முழுவதும் உறைய ஒரு ராத்திரி வேண்டும், மறுநாளே திரும்புவதாக இருந்தால் அது இல்லாமல் கிளம்ப முடியாது. உறையவைத்துக் கொண்டுபோன தாய்ப்பால் வழியில் இளகியிருந்தால் அதைத் திரும்ப உறையவைக்காமல், ஃபிரிட்ஜில் வைத்து, முழுவதும் இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.